எம்.ஜி.பி. வாங்கிப் புதுப்பிக்கும் முன்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை வாங்கி, சொந்தக் கையால் பிரித்து மாட்டி ஓட்டிப் பார்க்க வேண்டும் என்ற ஆசை இருப்பவர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்பவற்றை இங்கே சேர்த்திருக்கிறேன். நான் பேசப்போவது ஒரே ஒரு காரைப் பற்றி: இங்கிலாந்தின் எம்.ஜி. நிறுவனம் செய்த எம்.ஜி.பி. பிரிட்டனில் வாங்குவதை மனதில் வைத்து எழுதியிருக்கிறேன். என்னிடம் இருப்பது 1970-ல் வந்த ரோட்ஸ்டர், அதாவது நிலையான கூரை இல்லாத வகை. அதை வாங்கும்போது எனக்குத் தெரியாமல் இருந்த விஷயங்கள்தான் இதில் பாதி.

எத்தனையோ கார்கள் இருக்க, முதல் கார் ஏன் எம்.ஜி.பி.யாக இருக்க வேண்டும்?

ஸ்பேர் கிடைக்கும் என்பதால். 1962-ல் வெளிவந்த கார் இது. 1980 அக்டோபரில் ஆபிங்டன் ஊரில் இருந்த எம்.ஜி. ஆலையை மூடும்வரை 5 லட்சத்துக்கும் மேல் செய்தார்கள். அதில் பெரும் பகுதி அமெரிக்காவுக்குப் போனது. இவ்வளவு எண்ணிக்கையில் ஓடிய கார் என்பதால் இன்றைக்கும் வாட்டர் பம்ப், பிரேக் சிலிண்டர், கதவு ரப்பர், சீட் துணி என்று எதைக் கேட்டாலும் புதிதாகவே கிடைக்கிறது. முழு பாடியே கிடைக்கிறது! ஆலையின் பழைய அச்சுகளைத் தேடிப்பிடித்து, பிரிட்டிஷ் மோட்டார் ஹெரிட்டேஜ் நிறுவனம் 1988 முதல் எம்.ஜி.பி.யின் பாடியைப் புதிதாக அடித்துத் தருகிறது.

இன்னொரு காரணம், எளிமை. இன்ஜின் 1798 சி.சி., வார்ப்பிரும்பு, நான்கு சிலிண்டர், இரண்டு எஸ்.யூ. கார்பரேட்டர். எம்.ஜி.யின் தாய் நிறுவனமான பி.எம்.சி.யின் பி சீரிஸ் குடும்பம். நம்மூர் அம்பாசடரில் பல வருடம் ஓடிய 1489 சி.சி. இன்ஜினும் இதே குடும்பம்தான். அம்பாசடரின் டேப்பெட்டை ஃபீலர் கேஜ் வைத்துச் சரிசெய்து பழகியவருக்கு எம்.ஜி.பி.யின் பானெட்டைத் திறந்தால் அந்நியமாக எதுவும் தெரியாது. எனக்கு அந்த இன்ஜினின் சத்தமே பாதி சொந்தமாகத்தான் இருந்தது.

18 வருடம் செய்திருக்கிறார்கள். எந்த வருடத்துக் காரைத் தேடுவது?

முக்கியமான மாற்றங்களைத் தெரிந்துவைத்துக்கொண்டால் போதும். முதலில் வந்தவற்றில் கிராங்க் ஷாஃப்ட்டைத் தாங்க மூன்று பேரிங்தான். 1964 அக்டோபரில் அது ஐந்தானது. ஐந்து பேரிங் இன்ஜின் உறுதியானது, சத்தமும் குறைவு. முதன்முதலாக வாங்குபவருக்கு ஐந்து பேரிங்கையே சொல்வேன். 1965 அக்டோபரில் நிலையான இரும்புக் கூரை கொண்ட ஜி.டி. வந்தது. கூரைக்கு வடிவம் கொடுத்ததில் இத்தாலியின் பினின்ஃபரினாவுக்குப் பங்கு உண்டு.

1967 இறுதியில் பெரிய மாற்றம். முதல் கியருக்கும் சிங்க்ரோ (பற்கள் உரசாமல் கியர் மாற உதவும் அமைப்பு) கொண்ட கியர்பாக்ஸ், டைனமோவுக்குப் பதில் ஆல்டர்னேட்டர். அதுவரை பேட்டரியின் பாசிட்டிவ் முனைதான் பாடியோடு இணைந்திருந்தது. இந்த மாற்றத்துக்குப் பிறகுதான் இன்றைய கார்களைப் போல நெகட்டிவ் எர்த். பழையதை யாராவது மாற்றியிருக்கவும் கூடும். அதனால் ரேடியோவோ சார்ஜரோ மாட்டுவதற்கு முன் வயரைப் பார்த்துவிடுங்கள்.

என் விருப்பம் 1968 முதல் 1974 வரை வந்த குரோம் பம்பர் கார்கள். அழகும் வசதியும் சேர்ந்து அமைந்தது அந்தக் காலத்தில்தான்.

ரப்பர் பம்பர் கார் விலை குறைவாக இருக்கிறதே, அதை வாங்கினால் என்ன?

தாராளமாக வாங்கலாம். ஏன் குறைவு என்று தெரிந்து வாங்குங்கள். அமெரிக்காவின் பாதுகாப்பு விதிகளுக்காக 1974 இலையுதிர்காலத்தில் குரோம் பம்பரை எடுத்துவிட்டுக் கறுப்பு ரப்பர் பம்பர் வைத்தார்கள். பம்பர் உயரம் விதிக்குப் பொருந்துவதற்காகக் காரையே சுமார் ஒன்றரை அங்குலம் தூக்கினார்கள். அதோடு முன்பக்க ஆன்டி ரோல் பாரையும் எடுத்துவிட்டார்கள். வளைவில் கார் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. 1977 மாடலில் அந்த பாரைத் திரும்பக் கொண்டுவந்த பிறகு நிலைமை மேம்பட்டது. அதனால் ரப்பர் பம்பர் என்றால் 1977 மாடலையோ அதற்குப் பிந்தையதையோ தேடுங்கள்.

அமெரிக்காவுக்குப் போன ரப்பர் பம்பர் கார்களில் இரண்டு எஸ்.யூ. கிடையாது, ஒரே ஒரு ஜெனித் ஸ்ட்ராம்பெர்க் கார்பரேட்டர்தான். சக்தியும் நன்றாகவே குறைந்துவிட்டது. அங்கிருந்து திரும்பி வந்த கார் என்றால் இதைக் கவனியுங்கள்.

ரோட்ஸ்டரா, ஜி.டி.யா?

ஜி.டி. பொதுவாக விலை குறைவு. இரும்புக் கூரை இருப்பதால் பாடியும் விறைப்பாக நிற்கும். கூரை இல்லாத ஆனந்தம் வேண்டும் என்றால் ரோட்ஸ்டர். இதில் நான் தீர்ப்புச் சொல்ல மாட்டேன், ஓட்டிப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

காரைப் பார்க்கப் போகும் முன் வீட்டிலிருந்தே என்னென்ன விசாரிக்கலாம்?

நிறைய. நம்பர் பிளேட்டில் இருப்பதை வாங்கி அரசின் இணையதளத்தில் போட்டால் எம்.ஓ.டி. எனப்படும் வருடாந்தரத் தகுதிச் சோதனையின் வரலாறு இலவசமாக வரும். எந்த வருடம் தேறியது, எதில் தோற்றது, அன்றைக்கு மீட்டரில் எத்தனை மைல், சோதித்தவர் என்ன எச்சரிக்கை எழுதினார் என்று எல்லாம் இருக்கும். ‘வலது சில் அரிப்பு’ (சில் என்பது கதவுக்குக் கீழே ஓடும் பாடிப் பகுதி) என்று ஒரு வருடம் எழுதி, அடுத்த வருடம் அதைப் பற்றிப் பேச்சே இல்லை என்றால், நடுவில் யாரோ வெல்டிங் செய்திருக்கிறார்கள். ஒன்று சரியாகச் செய்திருப்பார்கள், இல்லையென்றால் மூடி மறைத்திருப்பார்கள். எது என்பதுதான் நேரில் போய்ப் பார்க்க வேண்டியது.

ஒரு விஷயம். 2018 மே மாதத்திலிருந்து, பெரிய மாற்றங்கள் செய்யப்படாத 40 வருடத்துக்கு மேற்பட்ட கார்களுக்கு இந்தச் சோதனை கட்டாயமில்லை. இன்றைக்கு எல்லா எம்.ஜி.பி.யும் அந்த வயதைத் தாண்டிவிட்டது. ஆகவே பல கார்களின் வரலாறு 2018-ஐ ஒட்டி நின்றுபோயிருக்கும். கட்டாயமில்லாதபோதும் ஒருவர் தானாகக் கொண்டுபோய் வருடாவருடம் சோதித்திருந்தால் அந்தக் காருக்கு என் மனதில் தனி மதிப்பு.

அடுத்து, வி5சி. நம்மூர் ஆர்.சி. புக் மாதிரி. அதில் இருக்கும் சேஸிஸ் எண்ணையும் பானெட்டுக்குள் தகட்டில் இருக்கும் எண்ணையும் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். இரண்டும் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போக வேண்டும். ‘ஆவணம் தொலைந்துவிட்டது, அப்புறம் வாங்கித் தருகிறேன்’ என்றால், ஆவணம் கைக்கு வந்த பிறகு கூப்பிடச் சொல்லிவிட்டு வேறு காரைப் பாருங்கள். கார் மேல் கடன் பாக்கி இருக்கிறதா, திருட்டுப் புகார் இருக்கிறதா என்று கட்டணம் கட்டிப் பார்க்கும் சேவைகளும் உண்டு. அந்தக் காசை மிச்சம் பிடிக்காதீர்கள்.

சேஸிஸ் எண்ணிலிருந்து என்ன தெரியும்?

உதாரணமாக ஜி.ஹெச்.என்.5 என்று ஆரம்பித்தால்: ஜி என்பது எம்.ஜி., ஹெச் என்பது இன்ஜின் அளவின் வகை, என் என்பது இரண்டு இருக்கை ரோட்ஸ்டர், 5 என்பது வரிசை. என் இருக்கும் இடத்தில் டி இருந்தால் ஜி.டி. ரோட்ஸ்டர் என்று விற்கப்படும் காரின் தகட்டில் டி இருந்தால் அங்கேயே நின்று கேள்வி கேளுங்கள்.

இந்த எண்ணைக் கொண்டு கேடனில் உள்ள பிரிட்டிஷ் மோட்டார் மியூசியத்துக்கு விண்ணப்பித்தால், கட்டணம் வாங்கிக்கொண்டு ஆலைப் பதிவேட்டின்படி ஒரு சான்றிதழ் தருவார்கள். எந்த நாள் செய்தார்கள், என்ன நிறம், உள்ளே என்ன நிறம், என்ன இன்ஜின் எண், எங்கே அனுப்பினார்கள் என்பதெல்லாம் அதில் வரும். என் கார் வாங்கும்போது சிவப்பு. சான்றிதழில் ‘ஓல்ட் இங்கிலிஷ் ஒயிட்’ என்று இருந்தது. டாஷ்போர்டைக் கழற்றி டார்ச் அடித்துப் பார்த்தேன். ஹீட்டருக்குப் பின்னால், யார் கையும் போகாத மூலையில், பழுத்த தந்தம் மாதிரி அந்த வெள்ளை அப்படியே இருந்தது. திரும்ப வெள்ளையே அடித்தேன்.

நேரில் போனால் முதலில் எதைப் பார்ப்பது? இன்ஜினைத்தானே?

இல்லை. கடைசியில்தான் இன்ஜின். முதலில் முட்டி போட்டுக் கதவுக்குக் கீழே பாருங்கள்.

எம்.ஜி.பி.க்குத் தனி சேஸிஸ் கிடையாது. பாடியேதான் சேஸிஸ். கதவுக்குக் கீழே முன் சக்கரத்திலிருந்து பின் சக்கரம் வரை ஓடுகிறதே ஒரு நீளப் பெட்டி, அதை சில் என்பார்கள். ரோட்ஸ்டரின் முதுகெலும்பு அதுதான். வெளியே தெரிவது ஒரு தகடு. உள்ளே நடுவில் செங்குத்தாக ஒரு தகடு, அந்தப் பக்கம் இன்னொரு தகடு, அடியில் கோட்டை மதில் போலப் பல்பல்லாக ஒரு துண்டு. அதனால் அதற்குக் ‘காஸில் ரெயில்’ என்றே பெயர். மழைத் தண்ணீரும், குளிர்காலத்தில் சாலையில் போடும் உப்பும் உள்ளே போய்த் தங்கி உள்ளிருந்து அரிக்கும். வெளியே பெயிண்ட் பளபளவென்று இருக்கும், உள்ளே மதிலே இருக்காது.

ஒரு சிறிய காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றி எடுத்துப்போங்கள். விற்பவரிடம் அனுமதி கேட்டுக்கொண்டு சில்லின் அடி ஓரத்தில் வைத்து மெதுவாக நகர்த்துங்கள். இரும்பு இருக்கும் இடத்தில் காந்தம் விரலை இழுக்கும். பட்டி அடைத்த இடம் வந்ததும் பிடி விட்டுப்போகும். அந்த வித்தியாசத்தை ஒருமுறை விரலில் உணர்ந்துவிட்டால் பிறகு மறக்காது. பின் சக்கரத்துக்கு மேலே மட்கார்டின் விளிம்பு, முன் மட்கார்டின் கீழ் மூலை, கதவின் அடி ஆகிய இடங்களிலும் இதே மாதிரி பாருங்கள்.

அப்புறம் கதவு இடைவெளி. கதவுக்கும் பின் மட்கார்டுக்கும் நடுவில் உள்ள கோடு மேலிருந்து கீழ்வரை ஒரே அகலமாக இருக்க வேண்டும். மேலே நெருங்கிக் கீழே விரிந்திருந்தால் பாடி நடுவில் தொய்ந்திருக்கிறது. ஜாக்கி வைக்கும் இடத்தில் காரைத் தூக்கச் சொல்லி, தூக்கிய நிலையில் கதவைத் திறந்து மூடுங்கள். இடிக்கிறது, உரசுகிறது என்றால் சில்லில் பலம் இல்லை. தூக்கவே விடமாட்டேன் என்கிற விற்பனையாளரும் பதிலைச் சொல்லிவிட்டார்.

இன்னும் சில இடங்கள்: சீட்டுக்குப் பின்னால் தரையில் உள்ள மூடியைத் திறந்தால் பேட்டரிப் பெட்டி. 1974 வரை இரண்டு 6 வோல்ட் பேட்டரிகள் அங்கே தனித்தனிப் பெட்டியில் உட்கார்ந்திருக்கும். அடித்தட்டு இருக்கிறதா பாருங்கள். கார்பெட்டைத் தூக்கித் தரையை அழுத்துங்கள், ஈரம் இருக்கிறதா பாருங்கள். பின் ஸ்பிரிங்கின் முன் முனை பாடியில் சேரும் இடம். முன் சக்கர வளைவுக்குள், பானெட் ஓரத்தை ஒட்டிப் போகும் பெட்டிப் பகுதி. கதவின் மேல் விளிம்பில், சின்ன முக்கோணக் கண்ணாடிக்கு அடியில் ஒரு கீறல் இருந்தால் பயப்படாதீர்கள். அது எம்.ஜி.பி.க்கே உரிய வியாதி, சரிசெய்யலாம்.

‘சில் எல்லாம் புதுசு, போன வருடம்தான் மாற்றினேன்’ என்கிறார். நம்பலாமா?

போட்டோ கேளுங்கள். சில்லின் வெளித்தகடு முன் மட்கார்டுக்கு அடியிலும் பின் மட்கார்டுக்கு அடியிலும் மறைந்து ஓடுகிறது. அதனால் முறையாக மாற்ற வேண்டும் என்றால் முன் மட்கார்டைக் கழற்ற வேண்டும், பின் மட்கார்டின் கீழ்ப் பகுதியை வெட்ட வேண்டும். அந்த நிலையில் எடுத்த படம் இருந்தால் நம்பலாம். இல்லையென்றால் துருப்பிடித்த பழைய தகட்டின் மேலேயே புதுத் தகட்டை வைத்து ஒட்டியிருக்க வாய்ப்பு அதிகம். அப்படிப்பட்ட வேலை புதிதாகத் தெரியும், ஆனால் பலம் தராது.

இதில் எனக்கு நேர்ந்ததைச் சொல்கிறேன். சில் மாற்றும் முன் கதவு இருக்கும் இடத்தில் குறுக்கே இரும்புக் குழாய் வைத்து பாடியை விறைப்பாகப் பிடித்துக்கொள்ள வேண்டும். பழைய சில்லை வெட்டியதும் பாடியைத் தாங்க வேறு எதுவும் இல்லை. நான் கொடுத்த ஒர்க்‌ஷாப்பில் அதைச் செய்யவில்லை. வெல்டிங் சுத்தமாகத்தான் இருந்தது. ஆனால் கார் இறங்கியதும் இடது கதவு மூடவே இல்லை. தொய்ந்த நிலையிலேயே புதுச் சில்லை ஒட்டிவிட்டார்கள். கதவின் மேல் ஓரத்தில் ஐந்து மில்லிமீட்டர் மோதியது. வேறு ஒருவரிடம் கொடுத்து, அந்தப் பக்கச் சில்லை முழுதாக வெட்டியெடுத்து, குழாய் வைத்து, கதவை மாட்டிப் பொருத்திப் பார்த்துப் பார்த்து மறுபடி ஒட்ட வேண்டியதாயிற்று. ஆறு மாதம் போனது. டிங்கரிங் வேலைக்குக் கொடுக்கும்போது ‘குழாய் வைப்பீர்களா?’ என்பதை முதல் கேள்வியாகக் கேளுங்கள்.

சரி, இன்ஜினுக்கு வருவோம். என்ன பார்க்க வேண்டும்?

நீங்கள் போகும்போது இன்ஜின் ஆறியிருக்க வேண்டும். முன்கூட்டியே சொல்லி வைத்துவிட்டு, போனதும் பானெட்டில் கை வைத்துப் பாருங்கள். சூடாக இருந்தால் ஸ்டார்ட் ஆகாத பிரச்சினையை மறைக்கிறார்களோ என்ற சந்தேகம் வரும்.

டாஷ்போர்டில் ஆயில் பிரஷர் மீட்டர் இருக்கும். நல்ல அம்சம் அது. இருபது நிமிடம் ஓட்டி நன்றாகச் சூடான பிறகு, சாலையில் போகும்போது 50 பி.எஸ்.ஐ.க்கு மேல் காட்டினால் நல்லது. ஐடிலில் 15-ஐ ஒட்டி நிற்கலாம். நீலப் புகை வந்தால் ஆயில் எரிகிறது. டேப்பெட் சத்தம் கொஞ்சம் கேட்பது இயல்பு, அடியிலிருந்து கனமாகத் தட்டுவது இயல்பல்ல. ஆயில் ஒழுகல் ஓரளவு எல்லா எம்.ஜி.பி.யிலும் இருக்கும்.

இதையெல்லாம் சொன்னாலும், நல்ல பாடியில் கெட்ட இன்ஜின் இருந்தால் வாங்குங்கள் என்றுதான் சொல்வேன். பி சீரிஸைப் பிரித்து மாட்டும் பிஸ்டன், பேரிங், கேஸ்கெட் எல்லாம் அஞ்சலில் வீட்டுக்கு வரும். இடத்தைச் சுத்தமாக வைத்துக்கொண்டு பொறுமையாகச் செய்தால் நீங்களே செய்யலாம். பாடி அப்படியல்ல. வெல்டிங், டிங்கரிங், பெயிண்ட் மூன்றும் சேர்ந்துதான் பணத்தைத் தின்னும். கெட்டுப்போன பாடிக்கு ஆகும் செலவில் இரண்டு இன்ஜின் கட்டலாம்.

இன்ஜின் எண் ஆவணத்தோடு ஒத்துப்போகவில்லை. விட்டுவிடவா?

எம்.ஜி.பி.யில் இது பெரிய குறையில்லை. ஓடிக் களைத்த இன்ஜினைக் கொடுத்துவிட்டு, பழுதுபார்த்த இன்ஜினை மாற்றி வாங்குவது அந்தக் காலத்தில் சர்வ சாதாரணம். வி5சி-யில் எண்ணைத் திருத்திக்கொண்டால் போதும்.

கியர்பாக்ஸ், ஓவர்டிரைவ்?

இரண்டாவது கியருக்கு இறக்கும்போது கரகர என்று சத்தம் வந்தால் சிங்க்ரோ தேய்ந்திருக்கிறது. ஓவர்டிரைவ் உள்ள கார் கிடைத்தால் விடாதீர்கள். லேகாக் நிறுவனத்தின் அமைப்பு அது. டாப் கியரில் போகும்போது ஸ்விட்சைப் போட்டால் இன்ஜின் வேகம் கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கு இறங்கும், நெடுஞ்சாலையில் பேசிக்கொண்டே போகலாம். வேலை செய்யவில்லை என்றால் பல சமயம் வயரோ ஸ்விட்சோதான் காரணம். ஆனால் விலை பேசும்போது வேலை செய்யாததாகவே கணக்கு வையுங்கள்.

கம்பிச் சக்கரம் அழகாக இருக்கிறதே!

அழகுதான். ஹப்பில் உள்ள பற்கள் தேய்ந்திருந்தால் ஆபத்து. சக்கரத்தைக் கழற்றிப் பாருங்கள். பல்லின் மேல் பகுதி தட்டையாக இருந்தால் நல்லது, சுறாவின் பல் மாதிரி கூராகச் சாய்ந்திருந்தால் ஹப்பையும் சக்கரத்தையும் சேர்த்தே மாற்ற வேண்டும். முன் சக்கரத்தின் பக்கத்திலேயே, அது திரும்புவதற்கான அச்சான கிங் பின்னும் இருக்கும். ஒவ்வொரு 3,000 மைலுக்கும் கிரீஸ் அடிக்க வேண்டியது அது. கிரீஸ் அடிக்கும் நிப்பிளின் மேல் புதுக் கிரீஸ் ஒட்டியிருந்தால், வைத்திருந்தவர் காரைக் கவனித்தவர்.

கலிஃபோர்னியாவிலிருந்து வந்த துருவில்லாத கார் என்கிறார்கள். உண்மையா?

இருக்கலாம். வறண்ட மாநிலங்களில் ஓடிய கார்களின் பாடி நிஜமாகவே நன்றாக இருக்கும். வெயிலில் டாஷ்போர்டு வெடித்திருக்கும், ரப்பரும் சீட்டும் போயிருக்கும், அவற்றை வாங்கிவிடலாம். ஸ்டியரிங் இடது பக்கம். ஆனால் அமெரிக்கா என்றால் எல்லாமே கலிஃபோர்னியா அல்ல. உப்புப் போடும் வடக்கு மாநிலங்களும் உண்டு. அங்கே எந்த ஊரில் பதிவு இருந்தது என்பதற்கு ஆவணம் கேளுங்கள்.

பிரித்துப் போட்ட கார், பெட்டி பெட்டியாகப் பாகங்கள், விலையும் மலிவு. வாங்கலாமா?

முதல் கார் என்றால் வேண்டாம். வேறொருவர் பிரித்ததை நீங்கள் சேர்ப்பது மிகக் கஷ்டம். எந்த போல்ட் எங்கே இருந்தது என்பது அவர் நினைவில்தான் இருக்கிறது. ஓடுகிற கார், அவலட்சணமாக இருந்தாலும் பரவாயில்லை, அதை வாங்குங்கள். ஆறு மாதம் ஓட்டுங்கள். எது சரியில்லை என்று காரே சொல்லும்.

பெரிய இன்ஜின் கொண்ட எம்.ஜி.சி., வி8 பற்றி?

எம்.ஜி.சி. 1967 முதல் 1969 வரை, 2912 சி.சி. ஆறு சிலிண்டர், சுமார் 9,000 கார்கள். ஜி.டி. வி8 1973 முதல் 1976 வரை, 3528 சி.சி., 2,591 மட்டுமே. இரண்டும் அருமையான கார்கள், இரண்டாவதாக வாங்க வேண்டியவை. சாதாரண ஜி.டி.யில் வி8 இன்ஜின் ஏற்றியதையும் அதே பெயரில் விற்பார்கள் என்பதால் ஆலைச் சான்றிதழ் இல்லாமல் வி8-க்குப் பணம் கொடுக்காதீர்கள்.

இன்றைய பெட்ரோல் ஒத்துக்கொள்ளுமா?

ஈயம் கலந்த பெட்ரோலுக்காகச் செய்த இன்ஜின் இது. சிலிண்டர் ஹெட்டில் கடினமான வால்வ் சீட் பொருத்தியிருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால் ஈயத்துக்குப் பதிலாக வால்வ் சீட்டைக் காக்கும் திரவத்தைப் பெட்ரோலோடு சேர்க்க வேண்டும். 2021 செப்டம்பரிலிருந்து பிரிட்டனின் சாதாரண பெட்ரோலில் எத்தனால் 10 சதவீதம் வரை. பழைய ரப்பர் குழாய்களை அது கெடுக்கும். எத்தனால் குறைந்த சூப்பர் பெட்ரோலைப் போடுங்கள், பெட்ரோல் குழாய்களை வாங்கிய கையோடு மாற்றிவிடுங்கள்.

தனியாகப் போய்ப் பார்க்கத் தயக்கமாக இருக்கிறது. யாரைக் கூட்டிப்போவது?

எம்.ஜி. கார் கிளப் 1930-லிருந்து இருக்கிறது, தலைமையகம் ஆபிங்டனிலேயே. உள்ளூர்க் கிளைக் கூட்டங்களுக்குக் கார் இல்லாதவரும் போகலாம். நான் வாங்கும் முன் மூன்று மாதம் போனேன். எழுபது வயதுப் பெரியவர் ஒருவர் தன் காரின் அடியில் என்னைப் படுக்கவைத்து, நல்ல காஸில் ரெயில் எப்படி இருக்கும் என்று விரலால் தொட்டுக் காட்டினார். கெட்டதைக் கண்டுபிடிக்க, முதலில் நல்லது ஒன்றைத் தொட்டுப் பார்த்திருக்க வேண்டும் அல்லவா? பிறகு நான் பார்க்கப்போன கார்களில் முதல் நான்கை வேண்டாம் என்று சொல்ல முடிந்தது அந்த ஒரு சாயங்காலத்தால்தான்.

வாங்கிவிட்டேன்! முதல் நாள் என்ன செய்ய?

எதையும் கழற்றாதீர்கள். பேட்டரி இணைப்பை எடுத்துவிட்டு, கார்பெட்டையும் சீட்டையும் மட்டும் வெளியே எடுத்து வெயிலில் போடுங்கள். ஒவ்வொரு வயரும் எங்கிருந்து எங்கே போகிறது, ஒவ்வொரு குழாயும் எந்தப் பக்கமாக வளைகிறது என்று நூறு இருநூறு படம் எடுங்கள். அப்புறம் பிரேக். சிலிண்டர், ஹோஸ், ஆயில் மூன்றையும் புதிதாகப் போட்ட பிறகு தெருவில் இறக்குங்கள்.